தந்தி முதல் வாட்ஸ்அப் வரை: நம் பணியிடச் செய்திகளில் தமிழ் எழுத்து



சிங்கப்பூரில் இன்று அலுவலகமாயினும் கட்டுமானத் தளமாயினும் பள்ளியின் ஆசிரியர் அறையாயினும் அன்றாட வேலை உடனடிச் செய்திகளின் வழியாகவே நகர்கிறது. கூட்டம் எத்தனை மணிக்கு, பொருள் வந்து சேர்ந்ததா, விடுப்பில் சென்றவரின் வகுப்பை யார் பார்த்துக்கொள்வது என்பன போன்ற வினாக்களுக்குத் தொலைபேசி அழைப்போ சுற்றறிக்கையோ இப்பொழுது தேவைப்படுவதில்லை. இக்கருவிகளின் வரலாறு பெரும்பாலும் நிறுவனங்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வருகிறது. அவ்வரலாற்றினுள் நமக்குரிய ஓர் இழையும் உண்டு. பணிச் செய்தியில் தமிழ் எழுத்து எப்பொழுது இடம்பெற்றது, யாருடைய உழைப்பால் இடம்பெற்றது, பெற்ற இடத்தை நாம் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்பதே அவ்விழை. அதனைத் தொடர்ந்து செல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கிட்டங்கியும் தந்தியும்

கணினிக்கு நெடுங்காலம் முன்பே சிங்கப்பூரில் தமிழ் ஒரு பணிமொழியாக இருந்தது. மார்க்கெட் ஸ்திரீட்டில் இருந்த நகரத்தார் கிட்டங்கிகளில் வட்டித் தொழில் நடத்திய முகவர்கள், செட்டிநாட்டிலிருந்த தங்கள் முதலாளிகளுக்குத் தமிழிலேயே கடிதம் எழுதினர். கணக்கேடுகளையும் தமிழிலேயே பேணினர். கொடுக்கல் வாங்கல், வட்டி விகிதம், ஆள் மாற்றம் ஆகிய அனைத்தும் அக்கடிதங்களில் பேசப்பட்டன. கடிதம் கப்பலேறிக் கடல் கடந்து சேர வேண்டியிருந்தது. எனினும் எழுத்து நம் எழுத்தாகவே இருந்தது.

1871ஆம் ஆண்டில் சென்னையையும் பினாங்கையும் சிங்கப்பூரையும் இணைத்துக் கடலடித் தந்திக் கம்பி இடப்பட்டது. நாள் கணக்கில் சென்ற செய்தி மணிக் கணக்கில் செல்லலாயிற்று. ஆனால் தந்திக்குரிய குறியீடு உரோமன் எழுத்துகளுக்காக அமைந்தது. தமிழில் நினைத்த ஒருவர் தம் செய்தியை ஆங்கிலத்தில் சுருக்கியோ, தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் எழுதியோ கொடுக்க வேண்டியிருந்தது. சொல்லுக்கு இவ்வளவு எனக் கட்டணம் இருந்தமையால் சொற்களும் குறைந்தன. இந்தியாவில் தந்திச் சேவை 2013 ஜூலையில் முடிவுக்கு வந்தது. ஆனால் அது தொடங்கி வைத்த நிலைமை முடியவில்லை. விரைவான கருவி ஒவ்வொன்றும் நம்மிடம் முதலில் உரோமன் எழுத்தோடுதான் வந்திருக்கிறது. நம் எழுத்து பின்னரே, பலர் உழைத்த பிறகே, அதனுள் நுழைந்திருக்கிறது.

கல்விக் கணினியில் பிறந்த உரையாடல்

ஆசிரியர்கள் அறிந்து மகிழத்தக்க செய்தி ஒன்று: திரையின் வழி உடனுக்குடன் உரையாடும் முறையின் தொடக்கக் கட்டங்களுள் ஒன்று ஒரு கல்விக் கணினித் திட்டத்தில் அமைந்தது. அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் பாடம் கற்பிப்பதற்கென உருவாக்கப்பட்ட பிளேட்டோ என்னும் கணினி அமைப்பில், 1973ஆம் ஆண்டில் ‘டாக்கோமேட்டிக்’ என்னும் செயலி எழுதப்பட்டது. பலர் ஒரே நேரத்தில் தட்டச்சிட, ஒருவர் அடிக்கும் ஒவ்வோர் எழுத்தும் மற்றவர் திரையில் உடனே தோன்றியது. 1988இல் பின்லாந்தில் ஐஆர்சி என்னும் இணைய அரட்டை முறை பிறந்தது. 1996இல் இஸ்ரேலிய இளைஞர்கள் ஐசிக்யூவை வெளியிட்டனர். 1997இல் ஏஓஎல், 1998இல் யாஹூ, 1999இல் மைக்ரோசாஃப்ட் எனப் பெருநிறுவனங்கள் தத்தம் தூதுவச் செயலிகளைக் கொணர்ந்தன.

இவை முதலில் இளைஞர்களின் பொழுதுபோக்காகவே கருதப்பட்டன. அலுவலகங்கள் இவற்றைப் பின்னரே ஏற்றுக்கொண்டன. அதற்குரிய காரணம் எளிது. தொலைபேசியில் பேச இருவரும் ஒரே நேரத்தில் ஓய்வாக இருக்க வேண்டும். பேசியது காற்றோடு போய்விடும். கடிதமோ மின்னஞ்சலோ பதிவாக நிற்கும். ஆனால் மறுமொழிக்குக் காத்திருக்க வேண்டும். உடனடிச் செய்தி இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. உடனே கேட்கலாம், கையிலுள்ள வேலையை முடித்துவிட்டு மறுமொழி கூறலாம், என்ன பேசினோம் என்பதும் எழுத்தில் இருக்கும். 2014இல் பொதுப் பயன்பாட்டுக்கு வந்த ஸ்லாக், 2017இல் வெளிவந்த மைக்ரோசாஃப்ட் டீம்ஸ் ஆகியவை இதே முறையை அலுவலகங்களுக்கென ஒழுங்குபடுத்தியவையே.

சிங்கப்பூரில் ஓர் ஆசிரியரின் பணி

சிங்கப்பூரில் 1994இல் சிங்நெட் சேவை தொடங்கியதும் இணையம் பொதுமக்களை எட்டியது. அப்பொழுது கணினித் திரையில் தமிழைக் காண்பதே அரிது. அந்நிலையை மாற்ற முனைந்தவர்களுள் முன்வரிசையில் நின்றவர் நா. கோவிந்தசாமி. அவர் தேசியக் கல்விக் கழகத்தில் தமிழாசிரியர்களைப் பயிற்றுவித்தவர், சிறுகதை எழுத்தாளர், 1994ஆம் ஆண்டில் தென்கிழக்காசிய எழுத்தாளர் விருது பெற்றவர். ‘கணியன்’ என்னும் தமிழ்க் கணினி முறையை அவர் உருவாக்கினார். 1995 அக்டோபரில் அதிபர் ஓங் டெங் சியோங் தொடங்கிவைத்த சிங்கப்பூர்க் கவிதைத் தொகுப்பு இணையத்தளத்தில் நான்கு மொழிகளின் கவிதைகளும் இடம்பெற்றன; தமிழும் தன் எழுத்திலேயே அங்குத் தோன்றியது. ‘இணையம்’ என்று இன்று உலகத் தமிழர் அனைவரும் வழங்கும் சொல்லைத் தந்தவரும் அவரே என்பர்.

1997 மே மாதத்தில் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் ‘தமிழ்நெட் 97’ என்னும் கருத்தரங்கு நடைபெற்றது. அப்பல்கலைக்கழகத்தின் இணைய ஆய்வுப் பிரிவை நடத்திவந்த டான் டின் வீயும் நா. கோவிந்தசாமியும் அதற்கு முன்னின்று உழைத்தனர். ஆளுக்கொரு குறியீடு என்றிருந்த தமிழ்க் கணிமைக்கு ஒரு பொதுத்தரம் வேண்டும் என்னும் கருத்து அங்கு வலுப்பெற்றது. 1999 பிப்ரவரியில் சென்னையில் அடுத்த மாநாடு கூடியது. அவ்வாண்டு மே 26ஆம் நாள் நா. கோவிந்தசாமி காலமானார். அவர் தொடங்கிய மாநாட்டு வரிசை 2000 ஜூலையில் மீண்டும் சிங்கப்பூருக்கு வந்தது; உத்தமம் என்னும் உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் அம்மாநாட்டில் உருவாயிற்று.

அக்காலத்துப் பணியின் தன்மையை இங்குக் குறிப்பிட வேண்டும். சிங்கப்பூர், மலேசியா, தமிழ்நாடு, இலங்கை, ஐரோப்பா, வட அமெரிக்கா எனப் பல இடங்களில் இருந்தோர் ஒருவரையொருவர் நேரில் காணாமலேயே மின்மடல் வழி விவாதித்துத் தரங்களை வகுத்தனர். தஸ்கி எனப்படும் எழுத்துக் குறியீடு அவ்வாறு உருவானதே. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டமும் அத்தகைய கூட்டுழைப்பே. சுவிட்சர்லாந்திலிருந்து முனைவர் கு. கல்யாணசுந்தரம் ஒருங்கிணைக்க, பல நாட்டுத் தன்னார்வலர்கள் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சிட்டும் பிழை திருத்தியும் மின்னூல்களாக்கினர். தொலைவிலிருந்து செய்தி பரிமாறிக் கூட்டாகப் பணி செய்யும் முறையை உலகம் 2020இல் பெரிதாகப் பேசியது. தமிழ்க் கணிமையாளர்கள் அதற்கு இருபது ஆண்டுகள் முன்னரே அம்முறையில் உழைத்திருந்தனர். தமிழ் எழுத்துக்கான அவ்விவாதங்களிற் பெரும்பகுதி ஆங்கிலத்தில் நடந்தது என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும். தமிழில் எழுதும் வசதி இன்னும் அனைவரிடமும் இல்லை. அதை உண்டாக்குவதற்காகவே அவர்கள் எழுதிக்கொண்டிருந்தனர்.

எழுத்துரு ஒத்துப்போகாத காலம்

2000ஆம் ஆண்டையொட்டிய காலத்தில் யாஹூ தூதுவனிலோ எம்எஸ்என் தூதுவனிலோ தமிழில் செய்தி அனுப்ப இயலும். ஆனால் அனுப்புபவரும் பெறுபவரும் ஒரே எழுத்துருவைத் தத்தம் கணினியில் நிறுவியிருக்க வேண்டும். இல்லையேல் பெறுபவர் திரையில் பொருளற்ற மேலைநாட்டு எழுத்துகளே தோன்றும். கோலாலம்பூரைச் சேர்ந்த முத்து நெடுமாறன் 1985 முதல் உருவாக்கிவந்த முரசு அஞ்சல், பின்னர் வந்த எ-கலப்பை போன்ற மென்பொருள்கள் இத்தடையைப் பெரிதும் குறைத்தன. எனினும் அலுவலகக் கணினியில் விரும்பிய மென்பொருளை நிறுவ எல்லோருக்கும் உரிமை இராது. ஆதலால் பலரும் தமிழை ஆங்கில எழுத்தில் அடித்தனர்.

அதனால் விளைந்த குழப்பத்தை மொழியாசிரியர் எவரும் உடனே உணர்வர். பி, ஏ, டி, ஏ, எம் என்னும் ஐந்து ஆங்கில எழுத்துகளைப் படம் என்றும் படிக்கலாம். பாடம் என்றும் படிக்கலாம். பதம் என்றும் படிக்கலாம். நாளை இல்லை என்று செய்தி வந்தால், இல்லாதது பாடமா படமா என்பதை நாமே உய்த்துணர வேண்டும். வலியும் வழியும் வளியும் வாளியும் ஒரே எழுத்துக் கோவைக்குள் அடங்கிவிடும். குறில் நெடில் வேறுபாட்டையும் லகர, ளகர, ழகர வேறுபாட்டையும் வகுப்பில் நாள்தோறும் வலியுறுத்திவிட்டு, செய்தியில் அவ்வேறுபாடு அனைத்தையும் கைவிடும் நிலை அன்று இருந்தது. வேறு வழியும் அன்று இல்லை.

இச்சிக்கலைத் தீர்த்தது ஒருங்குறி. உலக மொழிகள் அனைத்தின் எழுத்துகளுக்கும் தனித்தனி எண் வழங்கும் இத்தரத்தில், 1991இல் வெளியான முதற்பதிப்பிலேயே தமிழுக்கு இடம் இருந்தது. விண்டோஸ் 2000 முதல் அது பரவலான கணினிகளில் இயங்கலாயிற்று. தமிழ்நாடு அரசு 2010 ஜூனில் ஒருங்குறியைத் தன் தரமாக அறிவித்தது. அனுப்புநரிடமும் பெறுநரிடமும் ஒரே எழுத்துரு இருக்க வேண்டும் என்னும் கட்டாயம் அகன்றது.

செல்லினம்

கணினியில் வழி பிறந்தாலும் கைத்தொலைபேசி வேறு கதையாக இருந்தது. குறுஞ்செய்தி ஒன்றில் ஆங்கில எழுத்துகள் 160 அடங்கும். ஒருங்குறியில் அனுப்பினால் 70 இடங்களே கிடைக்கும். அவ்விடங்களும் நம் எழுத்துக்கு ஒன்றென அமைவதில்லை. ‘கொண்டு’ என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். நம் கணக்கில் அது மூன்று எழுத்து. கணினியின் கணக்கில் ககரம், ஒகரக் குறி, ணகரம், புள்ளி, டகரம், உகரக் குறி என ஆறு இடம். அதாவது ஏறத்தாழ நாற்பது எழுத்துகளில் செய்தியை முடிக்க வேண்டும். பல கைத்தொலைபேசிகளில் தமிழ் எழுத்துரு இல்லவே இல்லை.

அந்நிலையில் 2005ஆம் ஆண்டுப் பொங்கலையொட்டி, முத்து நெடுமாறன் உருவாக்கிய செல்லினம் என்னும் செயலி, ஒலி 96.8 வானொலியின் துணையோடு சிங்கப்பூரில் அறிமுகமாயிற்று. சிறிய திரையும் எண் விசைகளும் கொண்ட அக்காலக் கைத்தொலைபேசியில் தமிழிலேயே குறுஞ்செய்தி எழுதி அனுப்ப அது வழிசெய்தது. பின்னர் திறன்பேசிகள் வந்தபொழுது அவற்றுக்கும் அது விரிந்தது. 2013இல் ஆப்பிள் நிறுவனத்தின் ஐஓஎஸ் 7 தமிழ் விசைப்பலகையைத் தன்னுள்ளேயே கொண்டு வந்தது. தமிழ் விசைப்பலகை இன்று பெரும்பாலான திறன்பேசிகளின் அமைப்பிலேயே இருக்கிறது. அதைத் தெரிவு செய்துகொள்வது ஒன்றே நம் வேலை.

தேக்காவில் ஒலிக்கும் தமிழ்

2009இல் தோன்றிய வாட்ஸ்அப், சில ஆண்டுகளிலேயே சிங்கப்பூரின் பணியிடங்களுக்குள் புகுந்துவிட்டது. எந்த மேலாளரும் கூட்டம் போட்டு அதனைத் தேர்ந்தெடுத்ததில்லை. எல்லோர் கையிலும் இருந்ததால் அதுவே அலுவல் கருவியாயிற்று. 2013இல் அதில் குரற்செய்தி வசதி சேர்ந்தது. இது நம்மவர் பலருக்குப் பெரும் துணை. தேக்காவில் பஃபளோ சாலையிலும் கேம்பல் லேனிலும் சற்று நேரம் நின்று கவனித்தால் இதனை உணரலாம். மாலை தொடுக்கும் கடையிலும் மளிகைக் கடையிலும் உணவகத்திலும் வேலை செய்வோர் கைத்தொலைபேசியை வாயருகே வைத்துத் தமிழில் சரக்குக் கேட்கின்றனர். தமிழிலேயே மறுமொழி வருகிறது. கட்டுமானத் தளத்து ஊழியர்கள் வேலை முடிந்த இடத்தைப் படமெடுத்து மேற்பார்வையாளருக்கு அனுப்பி, இரண்டு வரி தமிழில் சொல்லிவிடுகின்றனர்.

தேக்கா என்னும் பெயரே இவ்விடத்தில் ஒரு பாடம். மூங்கில் நின்ற இடத்தைக் குறிக்கும் ஹொக்கியன் சொல்வழக்கிலிருந்து வந்தது அப்பெயர். 1982இல் இப்போதைய சந்தைக் கட்டடம் திறக்கப்பட்டபொழுது, அதே பொருளைத் தரும் மாண்டரின் வடிவமாகிய ‘ஜூஜியாவ்’ என்னும் பெயர் சூட்டப்பட்டது. ஆனால் விற்பவரும் வாங்குபவரும் தேக்கா என்றே வழங்கினர். 2000ஆம் ஆண்டில் அதிகாரபூர்வப் பெயரும் தேக்கா என்றே மாறிற்று. அன்றாட வேலையில் புழங்கிய சொல் பெயர்ப்பலகையையே மாற்றிவிட்டது.

ஆசிரியர் அறையில்

இனி நம் பணியிடத்துக்கு வருவோம். கல்வி அமைச்சு 1997இல் முதல் தகவல் தொழில்நுட்பப் பெருந்திட்டத்தைத் தொடங்கியது. 2019 ஜனவரியில் பள்ளிக்கும் பெற்றோருக்கும் பாலமாகப் பேரண்ட்ஸ் கேட்வே செயலி வந்தது. 2020 ஏப்ரல் 8 முதல், கொவிட்-19 கிருமித்தொற்று முறியடிப்பு நடவடிக்கையின்போது, மாணவர் அனைவரும் வீட்டிலிருந்தே கற்க நேர்ந்தது. பயிற்சித் தாள்களும் இணைய வகுப்பின் இணைப்புகளும் வருகைப் பதிவும் செய்திக் குழுக்களின் வழியே சென்றன. அவ்வாண்டில் அரசாங்கம் வாட்ஸ்அப் வழியாக நான்கு அதிகாரத்துவ மொழிகளிலும் மக்களுக்குத் தகவல் அனுப்பியது. தமிழ் எழுத்தில் வந்த அச்செய்திகளைப் படிக்க எவரும் எந்த எழுத்துருவையும் தேடி நிறுவ வேண்டியிருக்கவில்லை. இருபத்தைந்து ஆண்டு உழைப்பின் பயன் அது.

ஆனால் தமிழாசிரியர்களாகிய நாம் நமக்குள் அனுப்பிக்கொள்ளும் பணிச் செய்திகள் எம்மொழியில் இருக்கின்றன? வாழ்த்தும் இரங்கலும் தமிழில் வருகின்றன. கூட்ட நேரமும் வினாத்தாள் திருத்தமும் ஆங்கிலத்தில் செல்கின்றன. ஆங்கில எழுத்தில் தமிழும் இன்னும் குறையவில்லை. பல இனத்தவர் சேர்ந்து பணிபுரியும் பள்ளியில் பொதுச் செய்தி ஆங்கிலத்தில் இருப்பதே முறை, அதில் ஐயமில்லை. தமிழ் அறிந்த இருவருக்கிடையே செல்லும் செய்தியைப் பற்றியே இங்குப் பேசுகிறோம்.

இது சிறு செய்தியாகத் தோன்றலாம். 2010ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், ஐந்து வயதுக்கு மேற்பட்ட சிங்கப்பூர்வாசிகளுள் தமிழை வீட்டில் அதிகம் பேசுவோர் 3.3 விழுக்காட்டினர், 2020இல் அது 2.5 விழுக்காடாகக் குறைந்தது. ஆங்கிலம் 32.3 விழுக்காட்டிலிருந்து 48.3 விழுக்காடாக உயர்ந்தது. தாய்மொழிகள் மறுஆய்வுக் குழுவின் 2010ஆம் ஆண்டு அறிக்கை, வாழ்க்கைச் சூழலில் மொழியைப் பயன்படுத்துவதை வலியுறுத்தியது. எழுத்துவழிக் கருத்துப் பரிமாற்றம் என ஒரு திறனும் பாடத்திட்டத்தில் இடம்பெற்றது. உயர்நிலைத் தேர்வுகளில் மின்னஞ்சல் எழுதுதல் வந்தது. தேர்வுக்காகத் தமிழில் மின்னஞ்சல் எழுதப் பழகும் பிள்ளை, தேர்வு முடிந்தபின் யாருக்கு அவ்வாறு எழுதும்? ஆசிரியரோ பெற்றோரோ தமிழில் அனுப்பிய ஒரு செய்தியையேனும் அது கண்டிருக்க வேண்டாமா? விழாவுக்கும் தேர்வுக்கும் மட்டும் வெளிவரும் மொழியைப் பிள்ளைகள் வேலைக்காகாத மொழி என்றே எண்ணுவர். நாளை தாமதமாக வருவேன் என்பதைத் தமிழில் எழுதிப் பழகியவருக்கே அது வாழும் மொழி.

செய்யத்தக்கவை

முதலாவது, தமிழ் அறிந்த சக ஆசிரியருக்கு அனுப்பும் சிறு பணிச் செய்திகளைத் தமிழ் எழுத்திலேயே அனுப்பலாம். முதல் வாரம் விரல் தடுமாறும்; பின்னர்ப் பழகிவிடும். இரண்டாவது, பெற்றோருக்கான செய்தியை இரண்டு வரி தமிழில் எழுதி, தேவையானோருக்காக அதன்கீழ் ஆங்கிலத்தைத் தரலாம். தமிழ் படிக்கத் தயங்கும் பெற்றோர் அவ்விரண்டு வரியைப் பிள்ளையிடம் கொடுத்துப் படித்துக் காட்டச் சொல்லலாம். மூன்றாவது, முக்கியமான முடிவுகளைச் செய்திக் குழுவிலேயே விட்டுவிடாமல் ஓர் ஆவணத்தில் எழுதி வைக்க வேண்டும். எம்எஸ்என் தூதுவனின் சேவை உலகின் பெரும்பகுதியில் 2013இலும், யாஹூ தூதுவன் 2018இலும், ஐசிக்யூ 2024இலும் மூடப்பட்டன. அவற்றில் பேசியவை பலவும் அவற்றோடு போயின. கருவி போகும், ஒருங்குறியில் எழுதிச் சேமித்த தமிழ் நிற்கும்.

நான்காவது, நேரம். 2024 செப்டம்பரில் கல்வி அமைச்சு வெளியிட்ட பள்ளி–இல்லப் பங்காளித்துவ வழிகாட்டி நெறிகளின்படி, ஆசிரியர்கள் தங்கள் சொந்தக் கைத்தொலைபேசி எண்ணைத் தர வேண்டியதில்லை. அவசரம் இருந்தாலன்றி, பள்ளி நேரத்திற்குப் பிறகு வரும் பணிச் செய்திகளுக்கு மறுமொழி தர வேண்டியதுமில்லை. பெற்றோர் இதனை மதித்தல் வேண்டும். இரவு பத்து மணிக்கு அனுப்பும் செய்தி தமிழில் இருந்தாலும் அது தொந்தரவே.

ஒரு தமிழாசிரியரும் அவரையொத்த பலரும் பல ஆண்டுகள் உழைத்து நம் கையில் தந்த விசைப்பலகை இது. இவ்வாரம் சக ஆசிரியருக்கு அனுப்பவேண்டிய பணிச் செய்தி ஒன்றையேனும் அதில் தட்டச்சிட்டு அனுப்புங்கள். அதற்கு மறுமொழியும் தமிழில் வரக்கூடும்.

அன்புடன்,
உங்கள் தமிழாசிரியர்